வார்டிலிருந்து வீடு வந்த பிறகு

மாமா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று, செந்தூலில் இருக்கும் அவருடைய மகனின் அடுக்குமாடி வீட்டில் உட்கார இடமில்லை. காஜாங்கிலிருந்து சித்தி, ரவாங்கிலிருந்து பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. ஹார்லிக்ஸ் போத்தல், ஆப்பிள், கோவில் திருநீறு எல்லாம் மேசையில் குவிந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் "நெஞ்சுவலி" என்று ஒரே பதில். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது உண்மையில்லை என்று தெரியும். மாமா எதுவும் பேசாமல் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் ஒரு சந்திப்பு அட்டையும் இருந்தன. அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி ஆறு வாரம் கழித்து.

அந்த ஆறு வாரம்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது. மாமா தற்கொலைக்கு முயன்ற அந்த நாளில் என்ன நடந்தது என்பதை இங்கே முழுதாக விவரிக்கப் போவதில்லை. அவரைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் உயிரைக் காப்பாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஆபத்து அப்போதுதான் தொடங்கியிருந்தது. மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களிலும் முதல் மூன்று மாதங்களிலும்தான் தற்கொலை அபாயம் உச்சத்தில் இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வார்டில் இரவும் பகலும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அதே அறை, அதே கட்டில், அதே இரவு. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திய எதுவும் மாறியிருக்காது. போதாததற்கு, வெட்கம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான உண்மையும் ஒன்று உண்டு. குடும்பங்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நெருக்கடி வந்து போகக்கூடியது. அது மீண்டும் வரும்போது என்ன செய்வது என்று ஒருவருக்குக் கற்றுத்தர முடியும். அதற்கென்றே உருவாக்கப்பட்ட உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் சில படைவீரர்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டவை.

மாமா ரேஞ்சர் படைப்பிரிவில் 21 ஆண்டு சேவை செய்தவர். அரச மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேரலாம். ரேஞ்சர் பிரிவு எல்லா இனத்தவருக்கும் உரியது. தோட்டப்புறத்திலிருந்து இராணுவத்துக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் அங்கேதான் இருந்தார்கள். 1968-இல் மீண்டும் மூண்ட கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஓயவில்லை. கிரிக் காட்டிலும் தாய்லாந்து எல்லையிலும் மாமாவின் இளமை கழிந்தது. 'பெரியோக் அப்பி' என்ற மலாய்ச் சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். நெருப்புச் சட்டி என்று அதற்குப் பொருள். கண்ணிவெடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் சோமாலியா, போஸ்னியா, லெபனான் என்று ஐ.நா. அமைதிப்படையின் நீல நிறத் தொப்பியோடு போனார்கள். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கக் கவச வாகனங்களோடு போனவர்களில் மலேசியர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. "நம் நாட்டில் எங்கே போர் நடந்தது, இவர்களுக்கு என்ன மனக்காயம்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் காட்டில் கண்டது மட்டும் ஒருவரை அந்த விளிம்புக்குக் கொண்டுபோவதில்லை. தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-இல் முன்வைத்த ஒரு விளக்கம் எனக்கு நிறையத் தெளிவைத் தந்தது. மூன்று விஷயங்கள் ஒன்றுசேரும்போது ஆபத்து முற்றுகிறது என்கிறார் அவர். நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை என்ற தனிமை, நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற நினைப்பு, வலியையும் சாவையும் கண்டு அஞ்சாத பழக்கம். மூன்றாவதை இராணுவமே பயிற்சியாகக் கொடுத்துவிடுகிறது. முதல் இரண்டும் சீருடையைக் கழற்றிய பிறகு மெல்ல மெல்ல வருகின்றன. காலையில் பெயர் சொல்லி அழைக்க அணிவகுப்பு இல்லை. பக்கத்துக் கட்டிலில் தோழன் இல்லை. காவலாளி வேலை, முட்டி வலி, மனைவியின் மறைவு, மகன் வீட்டில் ஓர் அறை என்று வாழ்க்கை சுருங்குகிறது. 21 ஆண்டு நிறைவாகும் முன்பே வெளியேறிய சாதாரண வீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை.

அந்த இரண்டாவது விஷயத்தை நம் வீடுகளில் கண்டுபிடிப்பதுதான் சிரமம். "பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது" என்று ஒரு பெரியவர் சொன்னால் நாம் தலையாட்டுகிறோம். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று மெச்சுகிறோம். கவரிமான் கதையைச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். மானம் பெரிது, உயிர் சிறிது. அதனால் மிகவும் ஆபத்தான வாக்கியம் ஒரு நற்பண்பைப் போல நம் காதில் விழுகிறது. மாமா அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொன்னார் என்று பிறகு நாங்கள் எண்ணிப் பார்த்தோம். தீபாவளிக்குக் கூடச் சொல்லியிருக்கிறார்.

ஆறு வாரம் காத்திருக்க எங்களுக்கு மனமில்லை. நான்கு இடங்களில் விசாரித்து, ஐந்தாவது இடத்தில் தமிழ் பேசும் ஓர் உளவியலாளர் கிடைத்தார். மாமா வர மறுத்தார். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதிலிருந்து அந்த ஊரின் பெயரே நம் வாயில் ஒரு வசையாகிவிட்டது. கடைசியில் அவரைக் கிளம்ப வைத்தவர் தைப்பிங்கில் இருக்கும் அவருடைய பழைய பிளட்டூன் தோழர். தொலைபேசியில் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை மாமா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இந்த வகைச் சிகிச்சையின் முதல் அமர்வு எங்கள் வீட்டில் நடந்ததற்கு நேர் மாறானது. நாங்கள் மூடி மறைத்த நாளை அது திறக்கிறது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று அந்த அம்மையார் கேட்கவில்லை. "அன்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் ஐயா. நான் குறுக்கே பேசமாட்டேன்" என்றாராம். மாமா சொன்னார். இரண்டு நாளுக்கு முன்பு மகனும் மருமகளும் சமையலறையில் பேசியது காதில் விழுந்திருக்கிறது: "பிள்ளைகளுக்கு அறை போதவில்லை." அவர்கள் பேசியது வேறு வீடு மாறுவதைப் பற்றி. அவர் கேட்டது தன் அறையைப் பற்றி. பிறகு இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் பகலிலேயே குடி. பேரப்பிள்ளை "தாத்தா" என்று கதவைத் தட்டியபோது திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவர் ஒரு தாளில் வரிசையாக எழுதி, இடையில் அம்புக்குறி போட்டார். எந்த இடத்தில் இந்தச் சங்கிலி அறுந்திருக்கலாம் என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். திடீரென்று வானத்திலிருந்து இடி விழுந்தது போல நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதற்கு ஒரு பாதை இருந்தது, அந்தப் பாதையில் பக்கவழிகளும் இருந்தன என்று முதன்முறையாகக் காகிதத்தில் தெரிந்தது.

கதையைச் சொல்லவைப்பதையே அடித்தளமாகக் கொண்ட ஒரு முறை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. அங்கே அந்த முதல் உரையாடலை வீடியோவில் பதிவு செய்கிறார்கள். அடுத்த அமர்வில் நோயாளியும் சிகிச்சையாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். மொத்தம் மூன்று அமர்வுகளே. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவ்வப்போது கடிதம். 120 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மீண்டும் முயலும் அபாயம் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது.

படைவீரர்களிடம் சோதித்த முறை சற்று நீளமானது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஓர் இராணுவ முகாமில், தற்கொலை முயற்சியோ தீவிரமான தற்கொலை எண்ணமோ இருந்த 152 வீரர்களிடம் டேவிட் ரட், கிரெய்க் பிரையன் குழுவினர் அதை நடத்தினார்கள். 12 அமர்வுகள் கொண்ட சுருக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அது, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் முறை. 2015-இல் முடிவுகள் வந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் முயன்றார்கள். இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் அப்படி முயன்றவர்கள் சுமார் 14 விழுக்காட்டினர். பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும்தான் நான் காட்டுகிறேன்.

அதில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சில்லை, பயிற்சி. முதல் ஐந்து அமர்வுகளில் நெருக்கடி நேரத்தைத் தாண்டும் திறன்கள்: தூக்கத்தைச் சீர்செய்வது, மூச்சை நிதானப்படுத்தி உடலைத் தளர்த்துவது, குடியைத் தள்ளிவைப்பது. அடுத்த ஐந்தில் அடியில் கிடக்கும் நம்பிக்கைகளைத் தோண்டுவது. கடைசி இரண்டில் ஒத்திகை. ஒவ்வொரு முறையும் கற்றதைத் தன் கையாலேயே ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் குறிப்புப் புத்தகம் வைத்திருப்பது ஒரு சிப்பாய்க்குப் புதிதல்ல. துப்பாக்கியைப் பிரித்துச் சேர்ப்பதை இருட்டில் கூடச் செய்யும் வரை பழகியவர்கள் அவர்கள். மனநிலை தெளிவாக இருக்கும்போது பழகியதுதான் மனம் இருண்டபோது கைகொடுக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிகிறது. மென்மையாகப் பேச வராத இந்த மனிதர்களுக்கு உளவியல் சிகிச்சை ஒத்துவராது என்ற எண்ணம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் அமர்விலேயே கையில் கொடுத்தனுப்பப்படுவது ஒரு சிறு அட்டை. பாதுகாப்புத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இருவர் வகுத்த வடிவத்தில் ஆறு படிகள் உண்டு. மாமாவின் அட்டை அவருடைய அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அவர் அனுமதியோடு அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். எச்சரிக்கை அறிகுறிகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி: "இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருப்பது. பழைய பூட்ஸை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போடுவது." இரண்டாவதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. பூட்ஸ் பளபளப்பாக இருந்தால் மாமா தெம்பாக இருக்கிறார் என்றே நினைத்தோம். தனியாகச் செய்யக்கூடியது: முகத்தில் குளிர்ந்த நீர், மாடிப்படியில் ஐந்து மாடி இறங்கி ஏறுவது. மனம் மாற மனிதர்கள் இருக்கும் இடம்: கீழே உள்ள தேநீர்க் கடை. உதவி கேட்கக்கூடியவர்: தைப்பிங் தோழரின் எண். அடுத்து உளவியலாளர், நெருக்கடி உதவித் தொலைபேசி. ஆறாவது படி வீட்டை ஆபத்தில்லாமல் ஆக்குவது. மாத்திரைகள் இப்போது மகனிடம் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை எண்ணித் தருகிறான். ஒருவருக்குத் தீவிர எண்ணம் எழும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் செய்வது உயிரைக் காக்கிறது. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் பாராகுவாட் களைக்கொல்லி முற்றாகத் தடை செய்யப்பட்டதை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம்.

இந்த அட்டையைச் சத்தியம் வாங்குவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்" என்று கேட்பது நம் வழக்கம். பெரியம்மா அன்றே கேட்டுவிட்டார். மாமாவும் செய்து கொடுத்தார். சத்தியம் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்கிறது, அதற்குப் பதில் எதைச் செய்வது என்று சொல்வதில்லை. அது பலன் தருவதாகச் சான்று இல்லை. 97 படைவீரர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில், திட்டம் எழுதியவர்கள் மீண்டும் முயல்வது வாக்குறுதி கொடுத்தவர்களைவிட 76 விழுக்காடு குறைவாக இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், திட்டம் எழுதிக் கொடுத்து, வீடு திரும்பிய பின் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. 2018-இல் வெளியான முடிவு அது. செலவென்று பார்த்தால் ஓர் அட்டை, சில தொலைபேசி அழைப்புகள்.

பாரம் என்ற அந்தச் சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். ஏழாவது எட்டாவது அமர்வில் அதைத்தான் எடுத்தார்களாம். "காட்டில் உங்கள் தோழர் அடிபட்டபோது என்ன செய்தீர்கள்?" என்று அந்த அம்மையார் கேட்டிருக்கிறார். கிரிக் காட்டில் கண்ணிவெடியில் கால் போன ஒருவரை ஹெலிகாப்டர் இறங்கும் இடம் வரை ஒரு பகல் முழுக்க மாறி மாறித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "சுமக்க முடியாமல் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னார்களா?" "சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன்." அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வீட்டுப்பாடம் ஒன்றுதான்: தன்னை வீட்டில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று மகனிடம் நேராகக் கேட்டு, அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதிவர வேண்டும். அந்தப் பக்கத்தை மாமா எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒத்திகை அமர்வுகள் கடுமையானவை. கண்ணை மூடி அந்த நாளுக்கே திரும்பிப் போக வேண்டும். ஆனால் இந்த முறை ஒவ்வொரு திருப்பத்திலும் அட்டையில் இருப்பதைச் செய்வதாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு, இனி வரக்கூடிய ஒரு கெட்ட நாளைக் கற்பனை செய்து அதையும் கடக்க வேண்டும். மாமா முதல் தடவை பாதியிலேயே எழுந்துவிட்டார். 12 என்பது ஒரு கணக்குத்தான். தான் கற்றதைச் செய்து காட்டும் வரை சிகிச்சை முடிவதில்லை. மாமாவுக்கு 15 ஆயிற்று.

இதெல்லாம் மந்திரம் இல்லை. மேலே சொன்னவற்றில், பணியிலிருக்கும் வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், வேறு நாட்டவர், எண்ணிக்கையும் சிறியது. சில முறைகள் முன்னாள் வீரர்களிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உணர்ச்சிக் கொந்தளிப்பைச் சமாளிக்கப் பழக்கும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை வேறு நோயாளிகளிடம் நல்ல பெயர் எடுத்தது, ஆனால் அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் சோதித்தபோது வழக்கமான சிகிச்சையைவிட மேலாக இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு மாத்திரையும் வேண்டும். போர்க்கால நினைவுகள் கனவில் துரத்துகிறவர்களுக்கு அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு, அதையும் பெற வேண்டும். கோவிலுக்குப் போவதும் காவடி நேர்ந்துகொள்வதும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாமாவின் அட்டையில் பத்துமலைப் படியும் ஓர் இடமாக இருக்கிறது.

சிகிச்சைக்கு வரவே மறுப்பவர்களை என்ன செய்வது? சான் பிரான்சிஸ்கோவின் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் அப்படிப்பட்ட 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு முறையாவது, சிறு கடிதம் அனுப்பப்பட்டது. நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் மகிழ்வோம் என்ற அளவில் இரண்டு மூன்று வரி. எதுவும் கேட்காத, எதுவும் வற்புறுத்தாத கடிதம். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. நமக்கு இன்று வாட்ஸ்அப் இருக்கிறது. காலை வணக்கப் பூப்படங்களை அனுப்பும் அதே விரல், பெயர் சொல்லி விசாரித்து ஒரு வரியும் எழுதலாம்.

எங்கள் வீட்டு "நெஞ்சுவலி"க்கு வெட்கம் மட்டும் காரணமில்லை, பயமும் இருந்தது. தற்கொலை முயற்சிக்கு ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம் விதிக்க வழிசெய்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவைப் பற்றித்தான் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இப்போது அது குற்றமில்லை. போலீஸ் வரும் என்று பயந்து மருத்துவரிடம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் தேவையான சிகிச்சையும் கிடைக்காது. மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று தேசியத் தற்கொலைப் பதிவேடு காட்டியிருக்கும்போது, இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் சேராமல் இருப்பது வேதனை தருகிறது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராகக் கேட்பது மனம் திறந்து பேச ஒரு வழியாகலாம்.

அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். தொலைபேசியில் பேச பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. உடனடி ஆபத்து என்றால் 999. தமிழ் பேசும் உளவியலாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அன்று காலை நடந்ததை ஒருவர் தன் தாய்மொழியில் சொல்வதற்கும் வேறு மொழியில் சொல்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

போன மாதம் மாமா வீட்டுக்குக் கீழே இருந்த தேநீர்க் கடையை மூடிவிட்டார்கள். கடைக்காரர் கிள்ளானுக்கு மாறிவிட்டார். அன்று மாலையே மாமா உளவியலாளரை அழைத்தார். அட்டையில் மூன்றாவது படி செல்லாமல் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் தேடி, ஈப்போ சாலையில் வேறு ஒரு கடையைப் பிடித்தார். புதிய அட்டையில் அதன் பெயரை எழுதுவதற்கு முன்பு, இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.